இரண்டாவது கியரில் கூமாப்பட்டிக்கு

எண்பதுகளின் கடைசியில் எனக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று உட்காரும் வேலை, மற்றது ஓடும் வேலை.

உட்காரும் வேலை நாகர்கோவிலில் இருந்தது. என் மனைவியின் அண்ணனுக்கு அங்கே எவர்சில்வர் பாத்திரக் கடை. "மாப்பிள்ளை வந்து கல்லாவில் உட்கார்ந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம்" என்று மாதம் ஒரு இன்லாண்டு கடிதம் எழுதுவார். அந்த 'வேறு எதுவும் செய்ய வேண்டாம்' என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் சலூனில் ஒரு பக்கக் கிருதா முடிந்ததும் எழுந்து வெளியே போய், போகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்து மறு பக்கத்துக்கு உட்காருகிறவன். எங்கள் கல்யாண போட்டோவில் எல்லாருக்கும் ஒரு தலை, எனக்கு மட்டும் ஒன்றரை. போட்டோக்காரர் 'அசையாதீங்க' என்று சொன்ன பிறகுதான் எனக்கு அசைய வேண்டும் என்று தோன்றியது.

ஓடும் வேலை, கோயம்புத்தூர்ப் பக்கத்து விதைக் கம்பெனி ஒன்று தருவதாகச் சொன்னது. நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உரக்கடையில் தற்காலிக ஆள். நான்கு வருடமாகத் தற்காலிகம். சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என்று சுற்றி, எந்தத் தோப்பில் எந்த நாய் கடிக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தேன். கம்பெனிக்கு எங்கள் வட்டாரத்தில் நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருக்க வேண்டும், மலையடிவாரத்துத் தோப்புகள்வரை அதில் போய்வரத் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் ஒரு திங்கட்கிழமை வந்து, என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கூமாப்பட்டிவரை வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை. பிடிக்காவிட்டால் நான் நாகர்கோவிலில் இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே உட்கார்ந்து என் முகத்தை நூறு கோணத்தில் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிக்க வேண்டியதுதான்.

இதில் இரண்டு சின்னச் சிக்கல்கள். என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. இருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது. உரக்கடை முதலாளியின் மொபெட்டைத்தான் நான் ஓட்டியிருக்கிறேன். அதில் கியர் கிடையாது. மேடு வந்தால் பெடலை மிதிக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் ஒரு ஷோரூமில் நூறு சி.சி. வண்டிக்குப் பதிந்து வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் வண்டி வாங்குவது என்றால் வரிசையில் நிற்பது. உங்கள் நம்பர் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்த பிறகு லாரி வரும்வரை காத்திருக்க வேண்டும், லாரி வந்த பிறகு அதில் உங்கள் வண்டி இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி காத்திருக்க வேண்டும். என்னால் வீட்டில் காத்திருக்க முடியாததால் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி ராஜபாளையம் போய் அங்கே காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெரியவரைக் கனிய வைக்கப் பால்கோவா வாங்கிக்கொண்டு போவேன். மூன்றாவது பொட்டலத்தின்போது அவர் சொன்னார்:

"தம்பி, எனக்குச் சீனி வியாதி. நீங்க வாங்கியாறத பூரா மெக்கானிக்குதான் திங்காரு. அவரு நெனச்சா லாரி வந்துராது."

என்னோடு அதே நாளில் பதிந்தவர் ஒரு பாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'மாப்ள' என்பார். அவர் ராஜபாளையத்தில் பாதிப் பேரோடு தெலுங்கில் பேசி வியாபாரம் செய்கிறவர். ஷோரூமிலும் ஆட்கள் தங்களுக்குள் தெலுங்கில்தான் பேசிக்கொண்டார்கள். பாய் இரண்டு வார்த்தை பேசினால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தேன். சரி, நாமும் பேசினால் நம்பர் நகரும் என்று எனக்குப் புத்தி வேலை செய்தது. டாக்கீஸில் பார்த்த தெலுங்குப் படங்களை நம்பி ஒருநாள் கவுண்டர் முன்னால் போய், "பாகுன்னாரா?" என்று சௌக்கியம் கேட்டுவிட்டேன்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மீரு மனவாள்ளா?" என்றார்.

மணவாளனா என்று கேட்கிறார், அதாவது கல்யாணம் ஆகிவிட்டதா என்கிறார் என்று எனக்குப் பட்டது.

"அவுனண்டி" என்றேன். "ரெண்டு வருசமாச்சு."

பெரியவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாய் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"மாப்ள, அவரு கேட்டது நீங்க எங்காளுகளான்னு. நீரு ஆமா, ரெண்டு வருசமா உங்காளுன்னு சொல்லிட்டு வந்திருக்கீரு. முந்தாநேத்து வரைக்கும் என்னவா இருந்தீருன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காவ."

அன்றிலிருந்து ஷோரூமில் என்னிடம் ஒருத்தரும் தமிழில் பேசவில்லை. பெரியவர் என்னைத் தூரத்தில் கண்டாலே தெலுங்கில் ஆரம்பிப்பார். தலைமை மெக்கானிக்கும் அப்படியே. தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ரோஷம். அவர்கள் எது சொன்னாலும் தலையை ஆட்டினேன். சிரித்தால் சிரித்தேன். ஒருமுறை எல்லாரும் சோகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நானும் உச்சுக் கொட்டினேன். பிறகு தெரிந்தது, லாரி வழியில் நின்றுவிட்டது, என் வண்டி அதில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வண்டி வந்தே விட்டது. மேனேஜர் வருவதாகச் சொன்ன திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள். சிவப்பு டேங்க். எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனால் அப்புறம் அதையும் தெலுங்கில் கேட்பார்களே என்று பேசாமல் நின்றேன். மெக்கானிக் அந்த ஒருநாள் மட்டும் இரக்கப்பட்டுத் தமிழில் சொன்னார்: "மொத ஆயிரம் கிலோமீட்டர் நாப்பதத் தாண்டக் கூடாது. இஞ்சின் பழகணும். நீரும் பழகணும்."

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஓடுவதற்கு ஒரு இயந்திரம் கிடைத்தது, அதை ஓட விடாதே என்றார்கள்.

கூடவே ஒரு ரோஸ் கலர் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஷோரூம் நடத்தும் 'காடுமேடு உல்லாசப் பயணம்'. மேனேஜர் வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, புது வண்டி வாங்கியவர்கள் எல்லாரும் மலையடிவாரத்துக்குப் போவது. கல்லிலும் மணலிலும் ஓடையிலும் எப்படி ஓட்டுவது என்று தலைமை மெக்கானிக் செய்து காட்டுவார். புளியோதரை உண்டு. எனக்கு அந்த நோட்டீஸ் வானத்திலிருந்து விழுந்தது போல இருந்தது. ஞாயிறு பழகினால் திங்கள் மேனேஜரை ஏற்றலாம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: முதல் இலவச சர்வீஸ் முடித்துக் கூப்பன் முத்திரை பெற்றவர்கள் மட்டும்.

முதல் சர்வீஸ் ஐநூறு கிலோமீட்டரில். எனக்கு இருந்தது எட்டு நாள்.

கியர் போட மட்டும் பாய் அன்றே காட்டிக்கொடுத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்வர ஏறத்தாழ இருபத்துநான்கு கிலோமீட்டர். இருபத்தோரு தடவை போய்வந்தால் கணக்கு சரி. காலையில் கடை திறக்கும் முன் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ராஜபாளையம் போவேன், பஸ் ஸ்டாண்டு வாசலில் திரும்புவேன், வருவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நாற்பதைத் தாண்டக் கூடாது என்பதால் முப்பத்தெட்டில் வைத்துக்கொள்வேன். என்னை லாரி தாண்டியது, டிராக்டர் தாண்டியது, ஒருநாள் வன்னியம்பட்டிப் பக்கத்தில் பின்னால் அண்டா கட்டிய சைக்கிள் ஒன்று இறக்கத்தில் தாண்டியது. தாண்டிப்போன பால்காரர் திரும்பிப் பார்த்து, "பெட்ரோல் இல்லையாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் கொப்பளித்தது. வலது மணிக்கட்டு தானாக முறுக்கப் பார்க்கும், இடது கையால் அதை அடிப்பேன்.

முப்பத்தெட்டில் போனால் டவுன் பஸ்ஸின் வேகம் சரியாக வரும் என்று இரண்டாவது நாள் கண்டுபிடித்தேன். அது நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன், கிளம்பினால் கிளம்புவேன். முள்ளைப் பார்க்கிற வேலை மிச்சம். நான்காவது நாள் கண்டக்டர் பின்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"ஏய்யா, மூணு நாளா வண்டிக்குப் பின்னாடியே வாரீரு. உள்ள யாரத் தேடுதீரு? டிக்கெட்ட எடுத்துட்டு ஏறி உக்காந்து பாரும்."

பஸ் முழுக்க மில்லுக்குப் போகிற பெண்கள். அவ்வளவு பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி வாசற்படியில் நின்றாள்.

"மில் பஸ்ஸு பின்னாடி ஒரு செவப்பு வண்டி அலையுதாமே."

"ஏட்டி, அது ரன்னிங் பீரியட்."

"யாருக்கு?"

கூப்பனை எடுத்துக் காட்டினேன். கையேட்டைக் காட்டினேன். அவள் கையேட்டை முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு உள்ளே போய் அரிசி புடைக்கிற சொளகும் இரண்டு கட்டு முருங்கைக் கீரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சாயங்காலச் சுற்றுக்கு அவளும் பின்னால். மடியில் சொளகை வைத்துக் கீரை உருவிக்கொண்டே வருவாள். அந்த வேகத்தில் இலை பறக்காது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே அந்த வாரம் முருங்கைக் காம்பு கிடந்தது என்றால் அது எங்களால்தான்.

ஒருநாள் திரும்பி வருகையில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"இந்த வேலை கிடைக்காட்டி, எங்க அண்ணன் கடைல உங்களால எம்புட்டு நேரம் உக்கார முடியும்?"

"முயற்சி பண்ணுவேன்."

"சர்ச்சுல பிரசங்கம் முடியுததுக்குள்ள ரெண்டு தடவை செருப்பப் பாக்க வெளிய போறீய. அண்ணன் கடைல வாடிக்கையாளு கொப்பரையப் புடிச்சிக்கிட்டு நிப்பாவ, நீங்க பஸ் ஸ்டாண்டுல நிப்பீய. ஒரே மாசத்துல எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு வார்த்தை இருக்காது." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "எப்படியாச்சும் இதப் புடிச்சிருங்க."

அவள் அப்படிச் சொல்லுகிறவள் இல்லை. அடுத்த மூன்று நாள் நான் மதியச் சாப்பாட்டை வண்டியின் மேலேயே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மாலை ஐந்நூற்று நான்கில் மீட்டர் நின்றது. சர்வீஸ் ஆயிற்று, கூப்பனில் முத்திரை விழுந்தது. ஞாயிறு காலை கிளம்பும்போது அவள் சர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அவருக்குத் தெரியும். நம்ம போதகருக்குத் தெரியாதுல்லா."

ராஜபாளையத்தில் பதினோரு வண்டிகள் சேர்ந்தன. பாயும் வந்திருந்தார், தலையில் உருமால் கட்டி, கேரியரில் பெரிய தூக்குச் சட்டியோடு. காடுமேடு என்றால் சாப்பாடு பத்தாமல் போகும் என்பது அவர் கணக்கு. ஊரைத் தாண்டி மேற்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே, மலையைப் பார்த்துப் போனோம். தார் போய் மண் வந்தது, மண் போய்ச் சரளை வந்தது. சரளையில் என் கைகள் இரண்டும் தனித்தனியாக ஆடின. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், கடிக்காவிட்டால் நாக்கு மாட்டிக்கொள்ளும். ஒரு தோப்பு நாய் எங்களைத் துரத்தியது. மற்றவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். நான் நாற்பதைத் தாண்டாதவன் என்பதால் நாயும் நானும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போனோம். அதுவே சலித்துப்போய் நின்றுவிட்டது.

எல்லாரும் தெலுங்கு பேசுகிறவர்கள், பாயையும் என்னையும் தவிர. பாய்க்குத் தெரியும். மெக்கானிக் நிறுத்தி நிறுத்தி ஏதோ பாடம் சொன்னார், நான் தலையாட்டினேன். மணலில் எப்படிப் போவது, கல்லில் எப்படி நிற்பது எல்லாம் அதில்தான் இருந்திருக்க வேண்டும். கையைக் காட்டிச் சொன்னதில் பாதி புரிந்தது. இறக்கத்தில் கிளட்சைப் பிடிக்காதே என்பது ஒன்று. மற்றது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஓடை. முந்தின வாரம் மலையில் மழை. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், ஆனால் அடியில் உருண்டைக் கல். மெக்கானிக் பேண்டைச் சுருட்டிக்கொண்டு நடு ஓடையில் ஒரு பாறைமேல் நின்றார். ஒவ்வொருவரையும் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் மாட்டு வண்டி போல ஆடி ஆடி, காலை ஊன்றி ஊன்றிக் கடந்தார்கள். பாய் கடந்தார், தூக்குச் சட்டியும் கடந்தது. கடைசியாக நான். இந்தக் கரையில் நான் மட்டும், அந்தக் கரையில் பத்துப் பேர். கூமாப்பட்டித் தோப்புக்கும் இதே போல ஓர் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளைக் காலை, பின்னால் மேனேஜரோடு. என் முகத்தைப் பார்த்த மெக்கானிக், தைரியம் சொல்வது போலக் கையை மேலும் கீழும் அசைத்துக் கத்தினார்:

"நெம்மதிகா ரா. நெம்மதிகா."

அந்த மனிதர் நல்லவர் என்று அப்போது நினைத்தேன். இத்தனை நாள் கிண்டல் செய்தவர், ஆபத்து என்றதும் 'நிம்மதியாக வா' என்கிறார். ஒன்றுக்கும் பயப்படாதே, மனசை லேசாக வைத்துக்கொண்டு வா. எட்டு நாள் முப்பத்தெட்டில் கட்டிப் போட்டிருந்த மனசு எனக்குள் அவிழ்ந்தது. எனக்கு நிம்மதி என்றால் என்ன? வேகம்தானே. கியரை இரண்டில் தட்டி, முறுக்கிவிட்டேன்.

முதல் பத்தடி பிரமாதமாக இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறியாக எழுந்தது. மெக்கானிக் பாறையில் இரண்டு கையையும் ஆட்டிக் குதித்தார், இன்னும் சத்தமாக, "நெம்மதிகா, நெம்மதிகா" என்று. உற்சாகப்படுத்துகிறார் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதன் பிறகு முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. வண்டி இடப்பக்கம் படுத்தது. நான் ஓடையில் மல்லாந்து, வானம், மலை, மெக்கானிக்கின் சுருட்டிய பேண்ட் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியது பாய்தான்.

"ஏன் மாப்ள, அந்தாளு அம்புட்டுத் தடவை கத்துதாரு, கேக்கலியா?"

"கேட்டுச்சே. நிம்மதியா வான்னாரு. நிம்மதியாத்தான் வந்தேன்."

பாய் என்னைப் பிடித்திருந்த கையை விட்டார். பிறகு அக்கரைக்குத் திரும்பி அதைத் தெலுங்கில் சொன்னார். மற்ற ஒன்பது பேரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள், நிற்க முடியாமல். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து ஈரத் தோளில் கை வைத்துத் தமிழில் சொன்னார்:

"தம்பி. நெம்மதிகான்னா மெதுவா. மெதுவா வான்னு சொன்னேன். ஒமக்குத் தெலுங்கு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தமிழ்ல கத்தியிருப்பேன்ல?"

நான் வழக்கம் போலத் தலையை ஆட்டினேன்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டிக்குத்தான் அடி. இடப்பக்கக் கியர் லீவர் மடங்கி இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு ஸ்பேனரை நெம்புகோலாக வைத்து இழுத்துப் பார்த்தார், கல்லால் தட்டிப் பார்த்தார். லீவர் கொஞ்சம் நிமிர்ந்தது, ஆனால் உள்ளே போகிற கம்பி வளைந்துவிட்டது. கியர் இரண்டில் இறுகி நின்றது. மேலேயும் போகாது, கீழேயும் வராது, நியூட்ரலும் விழாது.

"உள்ளாற ஷாஃப்ட்டு மாத்தணும். மதுரையில இருந்து வரணும். நாலஞ்சு நாளாகும்."

"நாளைக்குக் காலைல எனக்கு வேணும்" என்றேன். விதைக் கம்பெனியையும் மேனேஜரையும் நாகர்கோவிலையும் அவருக்குச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

"ரெண்டுலயே ஓட்டும். கிளட்சப் புடிச்சிக்கிட்டே உதைச்சா கிளம்பும். நிப்பாட்டணும்னா ஆஃப் பண்ணிரும். ஏத்தத்துல முறுக்காதிரும், கிளட்ச்சு கருகிரும். இருவத்தஞ்சு, அதுக்கு மேல போனா இஞ்சின் நம்மள விட்டுட்டுப் போயிரும்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மேனேஜர் கனமான ஆள். நெஞ்சோடு ஒரு ரெக்ஸின் பையை அணைத்திருந்தார். ஒரு கையில் புதிதாகப் போட்ட மருந்துக் கட்டு. பஸ் படியிலிருந்து இறங்கும்போது ஒரு காலை நொண்டினார். நான் மாட்டுவண்டி கிளப்புகிற மாதிரி ஆட்டி, இழுத்து, ஒரு குலுக்கலோடு இரண்டாவது கியரில் புறப்பட்டேன். ஊரைத் தாண்டும் முன்பே இஞ்சின் மாவு மில் போலக் கதறியது. அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங் தம்பி, வண்டி இந்தச் சத்தம் போடுதுங்களே?"

"புது வண்டி சார். ரன்னிங் பீரியட்."

பொய்யா, உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மேலே கேட்கவில்லை. வத்திராயிருப்புவரை சைக்கிள்களோடு சேர்ந்து போனோம். என் முதுகு முழுக்க வேர்வை. இன்னும் சற்று நேரத்தில் 'கொஞ்சம் வேகமாகப் போங்க தம்பி' என்று சொல்லப்போகிறார், நான் நாகர்கோவிலுக்குப் பெட்டி கட்டப்போகிறேன் என்று ஒவ்வொரு மைல் கல்லிலும் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பாதி தூரத்தில் என் தோளில் அழுந்தியிருந்த அவர் கை தளர்ந்தது. வத்திராயிருப்பு தாண்டியதும் பேச்சே கொடுத்தார்.

"சனிக்கெழமை ஒரு தம்பியோட போனேனுங்க. பெரிய வண்டி. அறுவது, எழுவதுன்னு போச்சு. ஒரு வாய்க்கால் பாலமுங்க. வண்டி அந்தப் பக்கம் போயிருச்சு. நான் பாலத்துலயே எறங்கிட்டனுங்க."

கூமாப்பட்டித் தோப்புக்கு முந்தின ஓடை வந்தது. அதைக் கண்டதும் என் முழங்கை தானாக எரிந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு, "எறங்கிக்கோங்க சார்" என்றேன். அவரை அக்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய் ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து, கிளட்சைப் பிடித்தபடி, வண்டியை ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரித் தள்ளிக்கொண்டு கடந்தேன். மேனேஜர் கல்லில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்பில் எங்களுக்கு முன்பே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சத்தம் அரை மைலுக்கு முன்னால் போயிருந்தது. மகாராஜபுரத்துக்காரர் ஒருவர், உரக்கடையில் எனக்குப் பழக்கமானவர், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார்.

"நீங்கதானா. பவர் ஸ்ப்ரேயர் வருதுன்னுல்லா மருந்து கலக்கத் தண்ணி கொண்டாந்தேன்."

மேனேஜர் அந்த வாளியில் முகத்தைக் கழுவிக்கொண்டார். இரண்டு மணி நேரம் விதையைப் பற்றிப் பேசினார். அங்கிருந்தவர்கள் என்னைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள், தூரத்தில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் தென்னைகளை எண்ணினேன், மறந்து மறுபடி எண்ணினேன், வண்டியைச் சுற்றி வந்தேன், வரப்பில் நடந்தேன். கடைசியில் அவர் வந்து, கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்தார்.

"வேலை உங்களுக்குத்தானுங்க. ஆர்டர் தபால்ல வரும். இத்தன நிதானமா ஒரு ஆளு வண்டி ஓட்டி நான் பாத்ததில்லீங்க. தண்ணியக் கண்டா எறங்கித் தள்ளுற புத்தி எல்லாருக்கும் வராதுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும். நான் பஸ்ஸுல போயிக்கறனுங்க. காது ரெண்டும் ஙொய்ங்குது."

கூமாப்பட்டியிலேயே அவரை பஸ் ஏற்றிவிட்டு நான் கிளம்பினேன். சொல்ல ஒரு சேதி, சொல்லிவிட ஒருத்தி, நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல், கையில் இரண்டாவது கியர். பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் மேனேஜர் காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தார், ஹாரன் அடித்தேன், அவருக்குக் கேட்கவில்லை. முப்பதுக்கு முறுக்கிப் பார்த்தேன். முப்பத்தைந்துக்கு முறுக்கினேன். வத்திராயிருப்பைத் தாண்டி ஒரு சின்ன ஏற்றத்தில் கருகின வாடை வந்தது. இஞ்சின் மட்டும் கத்தியது, சக்கரம் நின்றுவிட்டது.

இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மைல் கணக்கில் ஒரு ஆள் கண்ணில் படவில்லை. வாய்க்குள் சேதி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் புளியமரத்தடியில் ஆடு மேய்க்கிற ஒருவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, எனக்கு வேலை கிடைச்சிருச்சு."

அவர் தூக்குச் சட்டியை வாயிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார், வேர்வையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"எது, இதத் தள்ளுத வேலையா?"

"ஆமாண்ணே" என்றேன். "நிரந்தரம்."